'அதெல்லாம் நடிப்புடா!' - ரெஸ்லிங் ரசிகர்களின் தனி பாஷை தெரியுமா?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பள்ளிக்கூடம் போன 90ஸ் கிட்ஸுக்கு இந்தச் சண்டை நினைவிருக்கும். கையில் ட்ரம்ப் கார்டு. 'அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்டா' என்பான் ஒருத்தன். 'போடா, அதெல்லாம் நடிப்பு' என்பான் இன்னொருத்தன். அதோடு ரெண்டு நாளைக்கு 'கா'தான்!

இந்தப் பஞ்சாயத்துக்கென்றே ரெஸ்லிங் ரசிகர்களிடம் ஒரு பாஷை இருக்கிறது. அதில் முதல் வார்த்தை 'கேஃபேப்'. ரிங்கில் காட்டும் கதையை, வெளியிலும் நிஜம்போலவே காப்பாற்றுவது. அண்டர்டேக்கரும் கேனும் அண்ணன் தம்பி என்று நம்ப வைத்தது இதுதான். நிஜத்தில் ரெண்டு பேருக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. கேனாக வந்த கிளென் ஜேக்கப்ஸ், 2018-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ் கவுன்டி மேயராகவே ஆகிவிட்டார்!

நல்லவன் 'ஃபேஸ்', கெட்டவன் 'ஹீல்'. பேசி வைத்தபடி நடந்தால் 'வொர்க்', அதை மீறி நிஜமாகவே நடந்தால் 'ஷூட்'. அடி பிசகினால் 'பாட்ச்'. எல்லாவற்றையும் அப்படியே நம்புகிற ரசிகர் 'மார்க்'. அமெரிக்கத் திருவிழாக் கடைகளில், சுலபமாக ஏமாறும் ஆளுக்கு வைத்த பெயர் அது.

ரகசியம் எப்போ உடைந்தது? 1989-லேயே! நியூ ஜெர்சியில் விளையாட்டு ஆணையக் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிக்க, 'இது பொழுதுபோக்குதான்' என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. நம்மூர்ப் பசங்க கேபிள் டிவி பார்த்து அடித்துக்கொண்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதற்காக 'ஃபேக்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. முடிவுதான் முன்கூட்டியே தெரியும், விழுகிற உடம்பு நிஜம். 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில், அரங்கக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் அறிமுகக் காட்சியின்போது ஓவன் ஹார்ட் விழுந்து உயிரிழந்தார். இது கதையின் பகுதி இல்லை என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் டிவி நேயர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கேஃபேப் பழக்கிவிட்ட கண்கள் அதையும் 'வொர்க்' என்று நினைத்துவிடலாமே!

விழுப்புரம் பக்கத்து ஊர்களுக்கு இது ரொம்பப் புதுசும் இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவின் பாரதக்கூத்தில், கடைசியில் துரியோதனன் தொடை பிளந்து சாவான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் படுகளத்தன்று ஊரே கூடுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு: கூத்தில் கட்டியக்காரன் வேஷத்தை நடுவிலேயே கலைத்து, எதிரே உட்கார்ந்திருப்பவர்களையும் கிண்டலடிப்பான். கேஃபேப் பார்த்தால், அவனுக்கு அங்கே வேலையே இல்லை!