கண்ணாடி ஓடா, ஒளிக்குழாயா?

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்வோர், பட்டுப் பாவை நீளமாக நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்க்கும் காட்சியைக் கண்டிருப்பர். இளவெயிலில் அந்த இழைகள் மின்னுவதைக் கண்டு வியக்காதார் இலர். ஆனால் அதே பாவு தறியில் ஏறிய பிறகு எவ்வளவு வெளிச்சத்தில் நெய்யப்படுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தெருவில் கொட்டிக் கிடக்கும் வெளிச்சம், வாசற்படி தாண்டிப் பத்தடி உள்ளே போவதற்குள் மங்கிப் போய்விடுகிறது.

இதற்குக் காரணம் வீடுகளின் அமைப்பே. நெசவாளர் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்பவை. அகலம் குறைவு, நீளம் அதிகம். இரு பக்கச் சுவர்களுக்கும் அப்பால் அடுத்த வீடு இருக்கிறது. எனவே தெருப்பக்கமும் கொல்லைப்பக்கமும் தவிர வேறெங்கும் சன்னல் வைக்க வழியில்லை. தறியோ பெரும்பாலும் வீட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. அங்கே வெளிச்சம் வர எஞ்சியுள்ள வழி ஒன்றுதான். அது கூரை.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். வசதியுள்ளோர் வீட்டின் நடுவில் முற்றம் விட்டனர். இடமில்லாதோர் ஓட்டுக் கூரையில் இரண்டு மூன்று ஓடுகளை எடுத்துவிட்டு, அதே வடிவில் வார்த்த கண்ணாடி ஓடுகளைப் பொருத்தினர். நாம் சீமை ஓடு என்று சொல்லும் மங்களூர் ஓட்டுக்கு 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை அமைத்தது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓடு அது. ஆகையால் இடையிலே ஒரு கண்ணாடி ஓட்டைச் செருகுவது எளிதாயிற்று. இன்றோ ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் காங்கிரீட் வீடுகளாக மாறி வருகின்றன. மழைக்கும் குரங்குக்கும் பயமில்லை என்ற நிம்மதி வருகிறது, ஆனால் ஓட்டோடு சேர்ந்து வெளிச்சமும் போய்விடுகிறது. புது வீடு கட்டுவோர் இப்போது கேட்கும் கேள்வி இதுதான்: தளத்தில் கண்ணாடி பதித்துப் பழைய முறையில் வெளிச்சம் கொண்டுவருவதா, அல்லது புதிதாக வந்துள்ள ஒளிக்குழாயை வைப்பதா?

“எதற்கு இந்தத் தொல்லை? விளக்கைப் போட்டால் போயிற்று” என்று சிலர் கூறுவர். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரப்பட்டு, 2023-ல் அது 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. ஆகவே மின்கட்டணம் இங்குப் பெரிய காரணமன்று. உண்மையான காரணம் நிறம். அரக்கும் குங்குமச் சிவப்பும், கறுப்பும் கருநீலமும், மயில்கழுத்தின் பச்சையும் நீலமும் விளக்கு வெளிச்சத்தில் கண்ணை ஏமாற்றிவிடும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களும் ஓட, உடலும் கரையும் ஒவ்வோர் ஊடையிலும் பிணைய வேண்டும். அந்தப் பிணைப்பில் ஓர் இழை தவறினாலும் சேலை முழுவதும் அது தெரியும். இதை நாள் முழுதும் உற்றுப் பார்க்கும் கண்களுக்கு வேண்டியது பகல் வெளிச்சம். மின்சாரம் நின்றுபோகும் நேரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பட்டு நெய்த ஊர்கள் எல்லாமே இந்தக் கஷ்டத்தைப் பட்டிருக்கின்றன. நம் தறியின் மேல் நிற்கும் ஜக்கார்டு பெட்டிக்குப் பெயர் தந்த ஜோசப் மரி ஜக்கார்டு பிறந்த லியோன் நகரில், குருவா-ரூஸ் என்னும் குன்றின் மேல் நெசவாளர் குடியிருப்புகள் உள்ளன. அங்கே அறைகள் ஏறக்குறைய 13 அடி உயரம். சன்னல்களும் அதற்கேற்ற உயரம். லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியிலோ, வீட்டின் உச்சி மாடியில் தறியை வைத்து, சுவரின் அகலம் முழுவதும் சன்னலாக அமைத்தனர். இவற்றைப் பார்த்து நாமும் அப்படியே செய்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. அங்கே சூரியன் தாழ்ந்து செல்கிறது. டிசம்பர் மாதத்து லண்டனில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான் எழுகிறது. காஞ்சிபுரத்திலோ அதே நாளில் 53 பாகைக்கு மேல் நிற்கிறது. ஆண்டில் இரு முறை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 19-ஐ ஒட்டியும், நண்பகலில் நம் நிழல் நம் காலடியிலேயே விழும்படி சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அவர்களுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது. நமக்கு அது தலைக்கு மேல் கொட்டுகிறது. ஆகவே நமக்கு வெளிச்சம் போதுமா என்ற கவலை வேண்டாம். வெயிலை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் எப்படி உள்ளே அழைப்பது என்பதே நம் கவலை.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கைக் கண்டால் ஓடும் மாணவியரும் இதை மட்டும் படிக்கலாம். தெளிவான நாளில் உச்சி வெயில் ஒரு சதுர அடிப் பரப்பில் கொண்டுவரும் வெளிச்சம், பழைய 60 வாட் குண்டு பல்புகள் சுமார் 12 சேர்ந்து தரும் வெளிச்சத்துக்குச் சமம். அதனுடன் வரும் வெப்பமோ சுமார் 93 வாட், அதாவது ஒன்றரைப் பல்பின் வெப்பந்தான். எவ்வளவு சிக்கனமான விளக்கு! ஆனால் “வெளிச்சம் தாராளமாக வரட்டும்” என்று ஒருவர் நாலடிக்கு நாலடி கண்ணாடி பதித்தால் அது 16 சதுர அடி. அதன் வழியே ஏறக்குறைய 1,500 வாட் வெப்பம் இறங்கும். சித்திரை மாதத்தில் தறிக்கு மேலே இஸ்திரிப் பெட்டி ஒன்றை நாள் முழுதும் எரியவிட்டதற்கு இது சமம். கூரைக் கண்ணாடி வைத்த வீடு அனலாய்க் கொதிக்கிறது என்று குறை சொல்வோர் பலர். குற்றம் கண்ணாடியுடையது அன்று, அளவினுடையது.

கண்ணாடிக்கு வேறு குறைகள் உண்டு. அதன் வழியே விழும் வெயில் ஓரிடத்தில் நிற்பதில்லை, சுவரில் இறங்கித் தரையில் ஊர்ந்து எதிர்ச் சுவரில் ஏறும். அந்த வெயில் வட்டத்தைப் பார்த்தே உலை வைக்க நேரம் சொன்ன பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தனர். ரோமாபுரியிலுள்ள பாந்தியன் ஆலயத்திலும் இதே காட்சிதான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, 609 முதல் தேவமாதாவுக்கும் வேதசாட்சிகளுக்கும் உரிய ஆலயமாக விளங்கும் அக்கட்டடத்தின் கவிகையில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலமுள்ள வட்டத் திறப்பு இருக்கிறது. அதில் கண்ணாடியே இல்லை! பெந்தகோஸ்தே திருநாளில் அதன் வழியே சிவப்பு ரோஜா இதழ்களைத் தூவுவர். மழை பெய்தால் மழையும் விழும். தரையிலுள்ள துளைகள் வழியே அது வடிந்துவிடும். ஆலயத்துக்கு அது அழகு. தறிக்கு ஆகுமா? ஊர்ந்து செல்லும் வெயில் பாவின் மேல் விழுந்தால் பட்டின் சாயம் வெளுக்கும், இழையும் வலுவிழக்கும். தறி ஓடாத நாட்களில் பாவு அசையாமல் கிடக்கும்போது ஒரே இடத்தில் வெயில் பட்டால் கோடு விழுந்துவிடும். சாதாரணக் கண்ணாடி சூரியனின் புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத்தான் தடுக்கிறது, மற்றொரு பகுதி உள்ளே வந்துவிடுகிறது.

அடுத்தது மழை. ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் வடகிழக்குப் பருவமழை, சொட்டு இடுக்கு இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். பெரும்பாலும் ஒரு பாவில் மூன்று சேலைகள் நெய்வர். அந்தப் பட்டும் ஜரிகையும் பல வீடுகளில் நெசவாளருடையவை அல்ல. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கொடுத்தவை. மேலிருந்து அழுக்கு நீர் சொட்டிக் கறை படிந்தால் நஷ்டம் கூலியில்தான் வந்து விடியும். அந்தக் கூலியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அடங்கியிருக்கிறது. கூரையில் துளை போடுவது விளையாட்டுக் காரியமன்று.

இனி ஒளிக்குழாயைப் பார்ப்போம். இப்போது வழக்கத்திலுள்ள வகை 1980-களில் ஆஸ்திரேலியாவில் உருவானது. மொட்டை மாடியில் கவிழ்த்த கிண்ணம் போன்ற தெளிந்த பிளாஸ்டிக் மூடி. அதன் கீழ் உட்புறம் கண்ணாடிபோல் பளபளக்கும் உலோகக் குழாய். அறையின் உட்கூரையில், வெளிச்சத்தைச் சிதறச் செய்யும் வெள்ளைத் தட்டு. மூடியில் நுழையும் ஒளி, குழாயின் சுவரில் பட்டுப் பட்டுத் தெறித்து இறங்குகிறது. பெளதிகப் பாடத்தில் படித்த பிரதிபலிப்பு விதி இங்கே வேலை செய்கிறது. குழாயின் பளபளப்பு எவ்வளவு முக்கியம் என்பதை இன்னொரு கணக்குக் காட்டும். ஒவ்வொரு தெறிப்பிலும் நூற்றில் 98 பங்கு ஒளி மிஞ்சினால், பத்துத் தெறிப்புக்குப் பின் 82 பங்கு மிஞ்சும். 95 பங்கு மிஞ்சும் குழாயானால் 60. சாதாரணத் தகட்டைப் போல 80 பங்குதான் மிஞ்சும் என்றால், பத்தாவது தெறிப்பில் 11 பங்குக்கு மேல் இராது. ஆகவே, “எல்லாம் தகடுதானே” என்று உள்ளூரில் தகரத்தைச் சுருட்டி மாட்டுவது வீண் செலவு. குழாய் நேராகவும் குட்டையாகவும் இருப்பது நல்லது. ஒவ்வொரு வளைவும் ஒளியைத் தின்னும். சூரியன் தாழ்ந்து செல்லும் நாடுகளில் ஒளி சாய்வாக நுழைவதால் தெறிப்புகள் அதிகம். நமக்கோ நண்பகல் ஒளி ஏறக்குறைய நேராகவே இறங்குகிறது. இந்தக் கருவிக்கு நம் ஊரைப்போல் வாய்த்த ஊர் குறைவு எனலாம்.

பத்து அங்குல விட்டமுள்ள குழாயின் வாய் அரைச் சதுர அடிக்குச் சற்றே அதிகம். வழியில் பாதி ஒளி போனாலும் உச்சி வெயிலில் மூன்று குண்டு பல்புகளுக்கு மேல் வெளிச்சம் தரும். வெப்பமோ மிகச் சொற்பம். வெயில் வட்டம் விழாது, வெளிச்சம் அறை முழுதும் பரவும். பிளாஸ்டிக் மூடி புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். மேலே இன்னொரு மாடி இருந்தாலும் அதன் மூலையில் ஒரு பெட்டி அமைத்து அதனூடே குழாயை இறக்கலாம். கண்ணாடியால் இது முடியவே முடியாது. குறைகளும் இல்லாமலில்லை. விலை அதிகம்; ஒரு கண்ணாடி ஓட்டின் விலையைப்போல் பல மடங்கு. கார்த்திகை மாதத்து மூட்டமான நாளில் வெளியே உள்ள வெளிச்சமே பத்தில் ஒரு பங்காகும்போது குழாயும் மங்கிவிடும், விளக்குப் போட்டே ஆகவேண்டும். காற்று வராது, வானமும் தெரியாது. அண்ணாந்து பார்த்தால் வெள்ளைத் தட்டுத்தான். கண்ணாடி ஓட்டின் வழியே நிலவைப் பார்த்துப் படுத்துறங்கியவர்களுக்கு இது ஒரு குறையாகவே தோன்றும்.

அப்படியானால் எது சிறந்தது? ஓட்டுக் கூரை நன்றாக இருக்கும் வீட்டில் ஒளிக்குழாய்க்குச் செலவழிக்க வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து. கூரையின் வடக்குச் சரிவில் இரண்டு மூன்று கண்ணாடி ஓடுகள், அவற்றின் கீழே ஒரு வெள்ளைத் துணியோ மங்கலான பிளாஸ்டிக் தகடோ கட்டினால் வெயில் சிதறி வெளிச்சமாகிவிடும். சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் வடபுறமாகச் செல்வதால், அந்த நான்கு மாதமும் துணி அவசியம். காங்கிரீட் தளத்துக்கு ஒளிக்குழாயே ஏற்றது. பெரிய கண்ணாடியைத் தளத்தில் பதிப்பது மட்டும் நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. அதை விரும்புவோர் அளவை இரண்டு சதுர அடிக்குள் நிறுத்தி, உடைந்தாலும் சிதறாத கண்ணாடியைப் போட்டு, மேலே இரும்புக் கம்பி வலை அடிக்கட்டும். வடாம் காயவைக்க மாடிக்கு ஓடும் பிள்ளைகள் கண்ணாடியின் மேல் கால் வைத்துவிடக்கூடும்.

எதை வைத்தாலும் தளத்தின் துளையைச் சுற்றி அரை அடி உயரத்துக்குக் கட்டை எழுப்புவது கட்டாயம். மாடியில் தேங்கும் மழைநீர் உள்ளே எட்டிப் பார்க்காது. தளம் போடும்போதே துளைக்கு இடம் விட்டுக் கம்பி கட்டச் சொல்லவேண்டும். கட்டி முடித்த தளத்தை உடைத்தால் கம்பிகள் அறுபடும். அதைப் பொறியாளரைக் கேளாமல் செய்யலாகாது.

கையில் பணமில்லாதோருக்கும் ஒரு வழி உண்டு. பிரேசில் நாட்டு மெக்கானிக் ஆல்பிரெடோ மோசர் 2002-ல், தெளிந்த பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடியாதிருக்கச் சிறிது பிளீச்சிங் திரவம் சேர்த்து, ஒரு பகுதி வெளியேயும் மறு பகுதி உள்ளேயுமாகக் கூரையில் பொருத்தினார். தண்ணீர் ஒளியை விலக்கிச் சிதறச் செய்கிறது. 40 முதல் 60 வாட் பல்பின் வெளிச்சம் கிடைக்கிறது. 2011 முதல் பிலிப்பைன்ஸ் நாட்டின் குடிசைப் பகுதிகளில் இது பரவியது. நம் விஞ்ஞானக் கண்காட்சிக்கு இதைவிடச் செலவில்லாத மாதிரி கிடைக்காது. காங்கிரீட் தளத்துக்கு இது உதவாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளையிடுவதும் வேண்டாம், அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு.

இடத்தைக் குறிப்பதில் பலர் கவனக்குறைவாக இருந்துவிடுகின்றனர். தறிக்கு நேர் மேலே துளை போட்டால் ஜக்கார்டு பெட்டியின் நிழல்தான் சேலையின் மேல் விழும். ஒழுகினாலும் பாவின் மேலேயே ஒழுகும். நெய்பவர் உட்காரும் பக்கமாக, தறிக்கு இரண்டடி விலகி, அவருடைய தோளுக்குப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வரும்படி அமைக்கவேண்டும். கொத்தனார் வரும்முன், நெய்பவரையே குழியில் உட்காரச் சொல்லி, ஒருவர் விளக்கை உயரப் பிடித்து நகர்த்திப் பார்த்தால் சரியான இடம் தெரிந்துவிடும்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், பங்குனியில் தூசி ஏறிய பின் ஒரு முறையும் மேலேறி மூடியை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். தேங்காய் நாரும் சாம்பலும் பாத்திரத்துக்கு மட்டுமே. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் பின்னர் தெளியாது. துடைக்கும்போதே கட்டையைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இருந்தால் முதல் மழைக்கு முன் அடைத்துவிடுவது நல்லது.