கடனுக்குப் போன சிமெண்டு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் சிமெண்டு, கம்பிக்குப் பணம் வராவிட்டால் அந்தக் கட்டடத்தின் மீதே உரிமை கோரலாமா? அமெரிக்க மாநிலங்களில் அதற்குச் சட்டம் உண்டு. பாக்கியைப் பதிவு செய்தால் சொத்தின் மேல் ஏறிவிடும். நம் நாட்டில் அப்படி இல்லை. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, ரொக்கத்துக்கு விற்றதையும் தவணை தாண்டியதையும் பணம் வரும்வரை பிடித்து வைக்கலாம். அதுவும் சரக்கு நம் வசம் இருக்கும் வரைதான். வாங்கியவரிடம் இறங்கிவிட்டால் உரிமை போயிற்று.

பிறகு வழக்குத்தான். தவணை பேசாத கடனுக்கு, சரக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டு கெடு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மீண்டும் 3 ஆண்டு. ஆனால் மேஸ்திரி கையெழுத்து வீட்டுக்காரரைக் கட்டாது என்று வாதிட இடமுண்டு. எனவே முதல் லோடிலேயே வீட்டுக்காரர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.