காத்திருக்கும் நாள்கள்

எப்போதும்வென்றான் அருள்மிகு சோலைசாமி திருக்கோயிலைச் சூழ்ந்த கரிசல் பூமியில், மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் வழக்கம் உண்டு. வானம் பொழியுமா என்று அறியாமலே விதைக்கின்றனர். சோதனை நிலையிலுள்ள புற்றுநோய்ச் சிகிச்சையை ஏற்று, முடிவை எதிர்நோக்கும் குடும்பத்தாரின் நிலையும் இத்தகையதே.

மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய 'கார்-டி' சிகிச்சை, சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்காக 2023 அக்டோபரில் அரசின் ஒப்புதல் பெற்றது. நோயாளியின் குருதியிலிருந்தே காவல் அணுக்களைப் பிரித்து, நோயை இனங்காணும் திறனை அவற்றுக்கு ஊட்டி, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். பலனறிய வாரக்கணக்கில் பொறுத்திருத்தல் வேண்டும். சோதனைக் காலத்தில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்குப் பலன் கிட்டியது, ஒருவருக்குக் கிட்டவில்லை. வெற்றியைப் பெயரிலேயே தாங்கிய ஊராயினும், இவ்விரண்டையும் அறிந்தே நம்பிக்கை கொள்ளுதல் நன்று. இடையில் காய்ச்சல் வரின், நற்குறியென்றோ தீக்குறியென்றோ தாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் உடனே உரைத்தல் வேண்டும்.

தம்பி மருள்நீக்கியாரின் மீட்சியை வேண்டிய திலகவதியார், திருவதிகையில் வாளா இருந்தாரல்லர். நாள்தோறும் அலகிட்டு, மெழுகி, மலர் தொடுத்து வந்தார் எனப் பெரியபுராணம் கூறும். பின்னர்ச் சூலைநோயுடன் வந்த தம்பிக்குத் திருநீறு அளித்தார். இவ்வரலாற்றை மருந்தை விலக்குதற்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. காத்திருப்போர்க்கும் அன்றாடப் பணி வேண்டும் என்பதே இங்குக் கருதத்தக்கது. இயலுமாயின் நோயாளியே மாலைவிளக்கை ஏற்றலாம்.

நேர்த்திக்கடனுக்காகப் பரிசோதனை நாளைத் தள்ளிவைத்தல் ஆகாது. பொங்கலைப் பின்னரும் இடலாம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரைத் திருவிழாக் கூட்டத்திற்கு அழைத்து வராமல், உறவினரே வழிபட்டுத் திருநீற்றைப் பெற்றுச் செல்லலாம்.