பிங் வெள்ளத்தில் ரவுட்டர் ஏன் திணறுகிறது?

‘இருக்கிறாயா?’ என்று ஒரு கணினி கேட்க, ‘இருக்கிறேன்’ என்று மற்றது சொல்வதுதான் பிங். 1983இல் மைக் மூஸ் எழுதிய இந்தச் சின்ன நிரல்தான், இணைப்பில் கோளாறு என்றால் இன்றும் முதலில் கைகொடுக்கிறது. அதுவே ஆயுதமாவது எப்படி?

பெரிய ரவுட்டர்களில், கடந்துபோகும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளைத் தனிச் சில்லுகளே விறுவிறுவென அனுப்பிவிடும். ரவுட்டரின் சொந்த முகவரிக்கு வரும் பிங்குக்கோ, பெரும்பாலும் மையச் செயலிதான் பதில் சொல்ல வேண்டும். தாக்குபவர் இத்தகைய பிங்குகளை நொடிக்கு லட்சக்கணக்கில் குவித்தால், பாதைகளைக் கணக்கிடும் முக்கிய வேலை தடைபடும். அண்டை ரவுட்டர்களுடன் உள்ள தொடர்பே அறுந்துபோகலாம்.

தடுப்பது எப்படி? செயலியை எட்டும் பிங்குக்கு, ‘நொடிக்கு இவ்வளவுதான்’ என்று உச்சவரம்பு வையுங்கள். மிஞ்சியவை முன்கூட்டியே கழிக்கப்படும். ஆனால், பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையை முழுவதுமாக அடைத்துவிடாதீர்கள். ‘பாக்கெட் பெரிது, சிறிதாக்கி அனுப்பு’ என்ற தகவலும் அதில்தான் வருகிறது. அது தடைபட்டால் சில இணையதளங்கள் பாதியில் நின்றுவிடும்.

வெள்ளம் உங்கள் இணைப்பையே அடைத்துவிட்டால் ரவுட்டரில் எந்த விதி போட்டும் பயனில்லை. அப்போது இணையச் சேவை நிறுவனம்தான் தன் பக்கத்திலேயே வடிகட்ட வேண்டும். அவர்களின் அவசரத் தொடர்பு எண்ணை இன்றே குறித்துவையுங்கள்.