ஒரே கூரை, ஒருவர் தலையில் வரி

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர் கலங்கிய முகத்துடன் பங்குமனைக்கு வந்தார். அவருடைய மூத்த மகன் இங்கிலாந்தின் வடபகுதி நகர் ஒன்றில் முதுகலைப் படிப்பை முடித்து, அங்கேயே ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறார். வாடகை வீடு ஒன்றில் மாணவர் மூவருடன் தங்கியிருக்கிறார்.

“சாமி, ஊராட்சி அலுவலகத்திலிருந்து பையனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஓராண்டு வரியாக ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பவுன் கட்ட வேண்டுமாம். கூட இருக்கிற மூன்று பேருக்கும் ஒரு காசுகூடக் கிடையாதாம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குள் இது என்ன நியாயம், சாமி?” என்று கேட்டார்.

கல்விக்கடன் இன்னும் அடையாத குடும்பம் அது. பவுன் ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும், ஒன்றரை இலட்சம் ரூபாய் ஆகிறது. அத்தாய் கலங்கியதில் வியப்பில்லை. அவருக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. விவரம் அறிந்து சொல்வதாகக் கூறி அனுப்பினோம். பின்னர் அந்த இளைஞரிடமே தொலைபேசியில் பேசினோம். சட்டம் கூறுவதையும் படித்தறிந்தோம். நம் பங்குகளிலிருந்து அந்நாட்டிற்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகள் பலர் ஆதலின், அறிந்தவற்றை எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படுமாறு இங்கே தருகிறோம்.

அந்த வரி யாது?

நம் ஊரில் வீட்டு வரி என்பது வீட்டுக்காரர் பாடு. வாடகைக்கு இருப்பவர் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே ‘கவுன்சில் வரி’ எனப்படுவதைப் பொதுவாக வீட்டில் குடியிருப்போரே செலுத்த வேண்டும். நம் பிள்ளைகள் முதலில் தடுமாறும் இடம் இதுவே.

அவ்வரி பிறந்த வரலாறும் அறியத்தக்கது. ஸ்காட்லாந்தில் 1989-லும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1990-லும், வயது வந்தோர் ஒவ்வொருவர்மீதும் தலைவரி ஒன்று விதிக்கப்பட்டது. மக்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அதன் விளைவாக 1992-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 1993 ஏப்ரல் முதல் நாள் தொட்டு கவுன்சில் வரி நடைமுறைக்கு வந்தது. குப்பை அகற்றல், தெருவிளக்கு, முதியோர் பராமரிப்பு, காவல், தீயணைப்பு ஆகிய பணிகளுக்கு இவ்வரி பயன்படுகிறது.

இங்கிலாந்தில் 1991 ஏப்ரல் முதல் நாளன்று ஒவ்வொரு வீடும் என்ன விலை பெறும் என்பதை வைத்து, வீடுகளை ‘ஏ’ முதல் ‘எச்’ வரை எட்டு வகுப்புகளாகப் பிரித்துள்ளனர். ‘டி’ வகுப்பே அளவுகோல். ‘ஏ’ வகுப்பு வீட்டிற்கு அதில் ஒன்பதில் ஆறு பங்கு. ‘சி’ வகுப்பிற்கு ஒன்பதில் எட்டுப் பங்கு. ‘எச்’ வகுப்பிற்கு இருமடங்கு. 2025-26ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சராசரி ‘டி’ வகுப்பு வரி 2,280 பவுன்.

மாணவர் கணக்கில் சேரார்

முழு வரி என்பது வயது வந்தோர் இருவரேனும் அவ்வீட்டில் வாழ்கின்றனர் என்ற கருத்தின் மேல் அமைந்தது. ஒருவர் மட்டும் வாழ்ந்தால் நூற்றுக்கு இருபத்தைந்து தள்ளுபடி உண்டு. முழுநேர மாணவர்களோ இக்கணக்கிலேயே சேர்வதில்லை. வீட்டில் உள்ளோர் அனைவரும் முழுநேர மாணவராயின் அவ்வீட்டிற்கு வரியே இல்லை. முழுநேர மாணவர் என்றால், குறைந்தது ஓராண்டு நீடிக்கும் படிப்பில், ஆண்டிற்கு 24 வாரங்களேனும், வாரத்திற்குச் சராசரி 21 மணி நேரமேனும் பயில்பவர். பகுதிநேரப் படிப்பிற்கு இச்சலுகை கிட்டாது.

இப்போது அந்த நால்வர் வீட்டைக் காண்போம். மூவர் மாணவர், கணக்கில் இல்லை. பட்டம் பெற்றவர் ஒருவர். அவர் மட்டுமே கணக்கில் உண்டு. ஆகவே, வீடு நிறைய ஆளிருந்தும், சட்டத்தின் கண்ணுக்கு அது ஒற்றையாள் வீடு! சராசரிக் கணக்கின்படி ‘சி’ வகுப்பு வீட்டிற்கு முழு வரி 2,027 பவுன். நூற்றுக்கு இருபத்தைந்தைக் கழித்தால் 1,520 பவுன். மாதத்திற்கு ஏறத்தாழ 127 பவுன். இதனை அந்தப் பட்டதாரி ஒருவரே செலுத்த வேண்டும். உடன் குடியிருக்கும் மாணவரை இவ்வரிக்குக் கூட்டுப் பொறுப்பாளர் ஆக்கலாகாது என்பது 2004 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் உள்ள சட்டநிலை.

அவ்வீட்டில் இரண்டாம் பட்டதாரி ஒருவர் இருந்தால், தள்ளுபடி நீங்கி முழு 2,027 பவுனும் விழும். ஆயினும் இருவர் பகிர்வதால் ஒருவர் பங்கு ஏறத்தாழ 1,014 பவுனாகக் குறைகிறது. ஆனால் ஒருவர் கொடாவிடில் மற்றவரிடம் முழுத்தொகையையும் கேட்கலாம் என்பதை மறத்தலாகாது.

வீட்டுக்காரர் ஒவ்வோர் அறையையும் தனித்தனி ஒப்பந்தத்தில் விட்டிருந்தால், வரிப்பொறுப்பு பெரும்பாலும் அவரையே சாரும். அவர் அதனை வாடகையிலே சேர்த்திருக்கவும் கூடும். ஆகவே ஒப்பந்தத்தைப் படித்தறிவதே முதற்கடமை.

தவறு எங்கே நேர்ந்தது?

நம் இளைஞரின் படிப்பு செப்டம்பரில் முடிந்தது. பட்டமளிப்பு விழாவோ குளிர்காலத்தில் நடைபெற்றது. அங்கி அணிந்து பட்டம் வாங்கும் நாள்வரை தாம் மாணவரே என்று அவர் எண்ணியிருந்தார். அது தவறு. படிப்பு முடியும் நாளோடு சலுகையும் முடிகிறது. மறுநாள் முதல் நாள்கணக்கில் வரி ஏறுகிறது.

விழா முடிந்தபின் அவருக்கு ஐயம் எழாமல் இல்லை. “அவர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்” என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு வாளாவிருந்தார். “தெரியாமல் இருந்தது பாதி, தெரிந்தும் சொல்லாமல் இருந்தது பாதி, சாமி” என்று நம்மிடம் அவரே ஒப்புக்கொண்டார். மாதம் 127 பவுனாகப் போயிருக்க வேண்டியது, மலைபோல் ஒருசேர வந்து நின்றது. கடிதத்தைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால், தவணை உரிமையை இழந்து, நீதிமன்ற ஆணையும் அதன் செலவும், வசூல் அலுவலர் வீடு தேடி வருதலும் தொடர்ந்திருக்கக்கூடும்.

மற்றோர் எச்சரிக்கை. வருவாய் குறைந்தோர்க்கென அங்கே வரிக்குறைப்பு உதவி ஒன்று உண்டு. அது அரசு நிதியுதவியாகக் கருதப்படுவதால், அத்தகைய உதவி பெறலாகாது என்ற நிபந்தனையுடன் விசா பெற்றுள்ள நம் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பித்தல் ஆகாது. விசாவிற்கே இடர் நேரும். மேலே கூறிய நூற்றுக்கு இருபத்தைந்து தள்ளுபடியோ அத்தகைய உதவி அன்று. அதனைத் தயக்கமின்றிக் கேட்டுப் பெறலாம்.

நியாயம் எது?

இனி, அத்தாயின் வினாவிற்கு வருவோம். மாணவர் மூவரின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டதாரி அங்கே இல்லாதிருந்தால் அவ்வீட்டிற்கு வரியே இல்லை. அவருக்கு ஊதியம் வருகிறது, அவர்களுக்கு இல்லை. பட்டதாரியின் பக்கமும் நியாயம் உண்டு. குப்பை வண்டி நால்வரின் குப்பையையும் எடுக்கிறது. அவர் நான்காம் பங்கு வாடகை தருவதால்தான் மற்ற மூவரின் வாடகை குறைகிறது. சட்டம் யார் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் ஒருவர் சுமையை மற்றவர் எவ்வளவு தாங்கலாம் என்பதைச் சட்டம் சொல்வதில்லை; அது அவர்களே அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டியது.

இளைஞரை அவ்வாறே செய்யச் சொன்னோம். “பணம் கேட்காதீர், கணக்கைக் காட்டும்” என்றோம். அவர் முதலில் ஊராட்சி அலுவலகத்திற்கு உண்மையை எழுதி, நிலுவையைத் தவணைகளில் செலுத்த இசைவு பெற்றார். பின்னர் ஒரு ஞாயிறு இரவு, உணவிற்குப் பின் தாளில் எழுதிய கணக்கை நண்பர்கள்முன் வைத்தார். அம்மூவரும் வரியில் பங்கேற்கவில்லை. ஆனால் அவர் மாதந்தோறும் தந்துவந்த மின்சாரம், எரிவாயு, இணையம் ஆகியவற்றின் பங்காகிய 45 பவுனை, வரும் ஓராண்டிற்குத் தங்களுக்குள் ஆளுக்கு 15 பவுனாக ஏற்றுக்கொள்வதாகக் கூறினர். சுமை முழுதும் நீங்கவில்லை, தாங்கத்தக்கதாயிற்று. நட்பும் முறியவில்லை.

பெற்றோர்களே, பிள்ளையை வெளிநாட்டிற்கு அனுப்புகையில் கல்விக்கட்டணத்தையும் விமானக் கட்டணத்தையும் கணக்கிடுகிறோம். படிப்பு முடிந்த மறுநாள் தொடங்கும் செலவையும் கணக்கிடுவோமாக. வீட்டைப் பிடிக்குமுன், அது எந்த வகுப்பு, உடன் இருப்போரில் மாணவர் எத்தனை பேர், வரி யார் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களைக் கேட்கச் சொல்லுங்கள். விடையை எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு வைக்கட்டும். படிப்பு முடிந்ததும் ஊராட்சி அலுவலகத்திற்குத் தாமே தெரிவிக்கட்டும்.

அத்தாய் சென்ற வாரம் மீண்டும் வந்தார். “முதல் இரண்டு தவணையும் கட்டிவிட்டானாம், சாமி. இளையவளும் அங்கே படிக்கப் போக வேண்டும் என்கிறாள்” என்றார். “போகட்டும் அம்மா. ஆனால் அந்தத் தாளை அவளிடமும் கொடுத்து அனுப்புங்கள்” என்றோம்.