கழுத்தில் ஆபரேஷனா? ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்!

"ஐயா, இன்னும் பத்து நாள்ல கழுத்துல ஆபரேஷன். ரத்தம் நிக்காமப் போயிருமேன்னு ஆஸ்பிரினை நாலு நாளா நிறுத்திட்டேன். அதுக்குப் பதிலா பூண்டு லேகியம் குடுங்க." கம்பத்திலிருந்து வந்த திராட்சைத் தோட்டக்காரர் சொன்னபோது எனக்குப் பகீரென்றது.

அவருக்கு வலது கை கால்மணி நேரம் மரத்துப்போய், பேச்சும் குழறி, பிறகு தானாகச் சரியாகியிருக்கிறது. ஸ்கேனில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கழுத்துக் குழாயில் பெரிய அடைப்பு. இதற்குக் கரோட்டிட் குழாய் என்று பெயர். நாடி பார்க்கும் பத்து இடங்களில் கண்டமும், அதாவது கழுத்தும், ஒன்று என்பது எங்கள் பாடம். ஆனால் உள்ளே எத்தனை அடைப்பு என்பது விரலுக்குத் தெரியாது. டாப்ளர் ஸ்கேன்தான் சொல்லும்.

ஆஸ்பிரினை 'ரத்தம் நீர்க்கிற மாத்திரை' என்கிறோம். அது ரத்தத்தை நீராக்குவதில்லை. ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுக்கிறது. கழுத்துக் குழாயைத் திறந்து கொழுப்புப் படிவைச் சுரண்டி எடுத்ததும், உள்சுவர் புதுப் புண்ணாக இருக்கும். தட்டணுக்களுக்கு அது காயம்தானே? ஓடிவந்து மொய்க்கும். அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போனால் பக்கவாதம்! எதைத் தடுக்க ஆபரேஷன் செய்கிறோமோ, அதுவே வந்துவிடும். ஆபரேஷனுக்காகக் காத்திருக்கும் நாட்களிலும் இதே ஆபத்து உண்டு.

அதனால்தான் இந்த ஆபரேஷனுக்குப் பொதுவாக ஆஸ்பிரினை நிறுத்தாமல் தொடரச் சொல்கிறார்கள். அதற்காக அதிகம் விழுங்கவும் வேண்டாம். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,800 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. தினம் 81 அல்லது 325 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 6.2 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் பக்கவாதம், மாரடைப்பு அல்லது மரணம் நேர்ந்தது. 650 அல்லது 1,300 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் அது 8.4 சதவீதம்.

ரத்தக் கசிவு பயம் பொய்யில்லை. குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிட்டால் கழுத்தில் ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடும். அதைத் தொடர்வதா, சில நாள் முன்பே நிறுத்துவதா என்பதை ஆளைப் பார்த்து சர்ஜன்தான் முடிவு செய்வார். வார்ஃபரின் வேறு வகை மருந்து. அதற்குக் கணக்கே வேறு. மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

எங்கள் மருந்துகளையும் மறைக்காதீர்கள். 'அது நாட்டு மருந்துதானே' என்று பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். குழம்பில் போடும் பூண்டு, இஞ்சி, மஞ்சள் பிரச்னையில்லை. ஆனால் பூண்டு கேப்ஸ்யூல், மஞ்சள் சத்து மாத்திரை என்று அளவு கூடும்போது ரத்தக் கசிவைக் கூட்டலாம். அவை எந்த அளவிலும் ஆஸ்பிரினுக்கு ஈடாகாது. நான் சித்த மருத்துவன், நானே சொல்கிறேன்.

தோட்டக்காரருக்கு லேகியம் தரவில்லை. அவருடைய சர்ஜனுக்கு அங்கிருந்தே போன் போடச் சொன்னேன். "இன்னைக்கே ஆரம்பிங்க" என்று பதில் வந்தது. மாத்திரை சட்டைப் பையிலேயே இருந்தது. எங்கள் வீட்டுச் சொம்புத் தண்ணீரில் விழுங்கிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.