சாயவேரும் வேர்குத்தியரும்: வன்னிக் கரையோரத்து நிறமியொன்றின் சமூக வரலாறு

மார்க்சிய மெய்யியல் பயில்வோருக்கு அலிசரின் என்ற பெயர் புதியதன்று. பொருள்களின் உண்மை இயல்பை மனிதனால் அறியவே இயலாது என்ற காண்டின் கோட்பாட்டை மறுக்க முற்பட்ட ஏங்கெல்ஸ், ஃபாயர்பாக் பற்றி 1886இல் எழுதிய நூலில் இச்செந்நிறப் பொருளையே சான்றாகக் காட்டினார். மாடர் எனப்படும் ஐரோப்பிய மஞ்சிட்டியின் வேரில் விளைந்த நிறமியை நிலக்கரித் தாரிலிருந்து நாமே ஆக்கிக்கொள்ள முடியுமாயின், அறியவொண்ணாதது என எஞ்சுவது யாது என்பது அவர் வாதம். லெனினும் 1909இல் இவ்வுதாரணத்தை எடுத்தாண்டார். அதே அலிசரின் வன்னியின் கடற்கரை மணலிலும் வேரோடிக் கிடந்தது என்பதும், அதனைத் தோண்டியெடுத்தல் ஒரு சாதியாரின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது என்பதும் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

சாயவேர் என்றும் இம்பூறல் என்றும் வழங்கும் இச்சிறு செடியைத் தாவரவியலார் ஒல்டன்லாண்டியா அம்பெல்லாற்றா என்பர். மன்னார், யாழ்ப்பாணத் தீவுகள், வன்னிக் கரையோரம் முதலான வறண்ட மணற்பாங்கான இடங்களில் இது தானாகவே முளைப்பது. நிலத்தின்மேல் காண்பது அற்பமான பூண்டு. வேரோ மெலிந்து மணலுள் ஆழச் செல்வது. நிறம் முழுவதும் வேர்ப்பட்டையிலேயே உள்ளது, உட்பகுதி வெண்மையானது, பயனற்றது என்று றொக்ஸ்பரோ 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். இதன் பொருள் வெளிப்படையானது: ஒரு துணிக்குச் சாயமேற்றப் போதிய பட்டை கிடைக்க எத்தனையோ செடிகளின் வேர்களை முறியாமல் அகழ்ந்தெடுத்தல் வேண்டும்.

வேரிலுள்ள அலிசரினின் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்த நிலையில் இருப்பது. தனியே அது பருத்தியில் நிலைத்துப் பற்றுவதில்லை. துணியில் முன்னரே ஊட்டப்பட்ட படிகாரத்தின் அலுமினியத்துடனும், நீரிலும் வேரிலும் உள்ள கல்சியத்துடனும் சேரும்போதே கழுவினாலும் போகாத சிவப்புத் தோன்றுகிறது. படிகாரத்துக்குப் பதிலாக இரும்பு இருப்பின் நிறம் ஊதாவுக்கும் கருமைக்கும் திரும்பும். இரசாயனவியல் என்ற துறை உருப்பெறுமுன்னரே சோழமண்டலக்கரைச் சாயக்காரர் இதனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டுதல், படிகாரம் தீட்டுதல், சாயவேரோடு கொதிக்கவைத்தல், வெயிலில் வெளுத்தல் என நீண்ட அவர்களது வேலைமுறையை இயேசுசபைக் குருவான கேர்டூ 1742இல் பிரான்சுக்கு எழுதி அனுப்பினார். மதம் மாறிய சாயக்காரரிடமே அவர் அதனைக் கேட்டறிந்தார். இத்தகைய கடிதங்கள் வெறும் ஆவலினால் எழுதப்பட்டவையல்ல. ஐரோப்பியப் பருத்தி அச்சுத் தொழில் அப்போது வளரத் தொடங்கியிருந்தது.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்களது ஆட்சியில் சாயவேர் கும்பனியின் ஏகபோகமாயிற்று. யாழ்ப்பாணக் கொமாந்தராக இருந்த சுவார்டகுறூன் 1697இல் எழுதிவைத்த நினைவுக்குறிப்பில் யானை, முத்து முதலியவற்றோடு சாயவேரும் இடம்பெறுகிறது. வேர்குத்தி எனப்பட்ட சாதியினர் வேர் தோண்டிக் கும்பனிக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தனர். இதனைச் சாதாரணக் கூலியுழைப்பு எனக் கொள்ளுதல் பொருந்தாது. உலகச் சந்தைக்குப் பண்டம் வழங்கிய வணிக மூலதனம், உள்ளூர்ச் சாதிக் கட்டமைப்பைச் சிதைக்காமல் அதனையே தன் உற்பத்திக் கருவியாக்கிக்கொண்டது. 1795இல் வந்த பிரித்தானியரும் தொடக்கத்தில் இவ்வேற்பாட்டையே தொடர்ந்தனர். ஐரோப்பிய வாணிப ஏடுகள் இவ்வேரைத் தமிழ்ச் சொல்லின் திரிபாலேயே குறித்தன என்பது சொல்லாராய்ச்சியாளருக்கு மகிழ்ச்சி தரலாம். குத்தியவனின் பெயர் எந்த அகராதியிலும் ஏறவில்லை.

1868இல் பேர்லினில் கிறேபே, லீபர்மான் என்போர் நிலக்கரித் தாரிலுள்ள அந்திராசீனிலிருந்து அலிசரினை ஆக்கினர். மறு ஆண்டு யூன் மாதத்தில் அவர்கள் சார்பிலும் இங்கிலாந்தின் வில்லியம் பேர்க்கினின் சார்பிலும் இலண்டனில் காப்புரிமை கோரப்பட்டது. இரண்டிற்கும் இடையே ஒரே நாள் வேறுபாடு. சில ஆண்டுகளுள் பிரான்சிலும் ஒல்லாந்திலும் மாடர் வயல்கள் கைவிடப்பட்டன. மூலதனம் மூன்றாம் தொகுதியில் தாம் எழுதிச் சேர்த்த அத்தியாயத்தில் ஏங்கெல்ஸ் மீண்டும் அலிசரினுக்கு வருகிறார். மாடர் வேர் முதிர ஆண்டுகள் செல்லும். தொழிற்சாலைக்குச் சில வாரங்கள் போதும். மூலதனப் புரள்வின் காலம் குறுகியதை அவர் சரியாகவே கண்டார். எனினும் அவர் முன்னிருந்த காட்சி ஐரோப்பிய வயல். விதைக்காது முளைத்த வேரை விதிக்கப்பட்ட உழைப்பால் பெற்ற குடியேற்ற நாட்டுக் கரை அவரது கணக்கில் வரவில்லை. ஆலை அங்கு வென்றது பயிரின் காலத்தை மட்டுமன்று.

சாயவேரின் முறையான இரசாயன ஆய்வு, அதன் சந்தை சரிந்த பின்னரே நிகழ்ந்தது. 1893இல் லீட்ஸ் நகரில் ஹம்மலுடன் சேர்ந்து அதன் நிறமிகளைப் பிரித்தறிந்தவர் ஆதர் ஜோர்ஜ் பேர்க்கின். காப்புரிமை கோரிய பேர்க்கினின் மகன். மாடரில் அலிசரினோடு காணப்படும் பேர்பூரின் சாயவேரில் இல்லை என்பது அவர்களது முடிபுகளுள் ஒன்று. (பருத்தி வலைகளுக்குப் பனிச்சங்காய்ச் சாறூட்டிய வழக்கம் நைலோன் வலை வந்ததும் மறைந்ததை நம் கரையோர முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அதனை ஆராய லீட்ஸிலிருந்து எவரும் வரவில்லை.)

சில அசோச் சாயங்களை ஜேர்மனி 1994இல் தடைசெய்தது முதல் இயற்கைச் சாயம் மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் தாவர நிறமிகளைச் சூரியக் கலங்களில் பயன்படுத்துவது பற்றி ஆராய்ந்துள்ளனர். கிளிநொச்சியில் விவசாய, பொறியியல் பீடங்கள் உள்ளன; வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. சாயவேர் இங்கும் ஆய்வுப் பொருளாகுமாயின் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் வேரே பண்டமாகும் செடியில் அறுவடை என்பது செடியின் அழிவு. அதனைப் பயிரிட்டால் முதிர ஏறக்குறைய 2 ஆண்டுகள் வேண்டும். அக்காலம் முழுவதும் மணல் நிலம் எவர் கையில் இருக்கும், ஒரு கிலோ வேரை அகழச் செல்லும் மணித்தியாலங்களுக்கு எவர் கூலி தருவர் என்பவை பிரித்தெடுப்பு விளைவைக் கணிக்கும் அட்டவணையிலேயே சேர்க்கப்பட வேண்டியவை.